கோலுக்குப் பின்னால் நின்ற அத்தை

அத்தையின் முகத்தைவிட அவருடைய குரல்தான் எனக்கு நன்றாகத் தெரியும். நான் அப்போது மணப்பட்டு கால்பந்து அணியின் கோல் கீப்பர். ஊரே நடுக்கோட்டுப் பக்கம் சவுக்கு நிழல் பார்த்து உட்கார்ந்திருக்கும். இவர் மட்டும் மீன் பெட்டி கட்டிய மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஸ்டாண்டு போடுவார். பாதி ஆட்டம் முடிந்து நாங்கள் பக்கம் மாறினால் அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கம் மாறுவார். அதனால் நாங்கள் கோல் போட்டதை அவர் ஒருமுறைகூடக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"போடுறத ஊரே பாக்குது. வாங்குறத யாரு பாக்குறது?" என்று கேட்பார்.

ஆட்டம் பார்க்க வருவார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அவர் வந்தது திட்டுவதற்கு. விசில் ஊதியதும் ஆரம்பிப்பார்.

"ஏண்டா டேய், பந்து வருது, நீ இன்னா கடல்ல கப்பல் போவுதான்னு பாத்துகினு நிக்கிற?"

"கட்டையில போறவனே, அவன் பின்னாடி ஓடுறா! உன் பின்னாடி எதுக்கு அவன் ஓடணும்?"

எனக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார். "கைய நீட்டுடா! நீட்டுனா சுளுக்கிக்குமா? சோத்துக்கு மட்டும் நல்லா நீளுது."

கால்பந்து விதிகள் அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும், ஆனால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆஃப்சைடை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. எங்களுக்கு எதிராகக் கொடுத்தால் அநியாயம். எங்களுக்குச் சாதகமாகக் கொடுத்தால், "பெரியவரு கண்ணு இன்னிக்கி நல்லா தெரியுது" என்று நடுவரைப் புகழ்வார்.

அவர் பேரை இங்கே நான் எழுதப் போவதில்லை. இப்போது காரைக்கால் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். யாராவது இதைப் படித்துக் காட்டி, அதில் தன் பேரும் இருந்தால், "யாரக் கேட்டுடா போட்ட?" என்று போனிலேயே என்னைக் குளிப்பாட்டிவிடுவார். எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் அவர் அத்தை. அவருடைய மகன் ஆனந்து எங்கள் அணியின் ஃபார்வர்டு. எனக்குக் கூட்டாளி.

அத்தையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் திட்டுவது தன்னுடைய ஆட்களை மட்டும்தான். காலையில் மீன் ஏற்றிக்கொண்டு கன்னியக்கோயில், பாகூர், குருவிநத்தம் என்று போவார். பழகிய வீட்டுப் பெண்கள் விலை குறைத்துக் கேட்டால், "ஏண்டி, கடல் என்ன என் புருசன் வெட்டுன கொளமா?" என்று சண்டை பிடித்துவிட்டு, கடைசியில் ஒரு மீனைக் கூடவே அள்ளிப் போடுவார். பிடிக்காத ஆளிடம் அப்படியில்லை. "வாங்கம்மா, இந்தாங்கம்மா, சரிங்கம்மா" என்று பதமாகப் பேசி, தராசு முள்ளைப் பார்த்துச் சரியாக நிறுத்துக் கொடுப்பார். அப்படி ஒரு வீட்டில் பேசிவிட்டால் மறுநாளிலிருந்து அந்தத் தெருவுக்கு வண்டி போகாது.

அவர் புருஷன் மாரடைப்பில் போனபோது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும். பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அத்தை மட்டும் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார்.

"நண்டு வாங்கியாந்து ஆயச் சொல்லிட்டு இங்க வந்து நீட்டிப் படுத்துக்கினியே, அத யாருய்யா துண்றது? எந்திரி. எந்திரின்னு சொல்றன் இல்ல."

என் அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தச் சாவுக்கு அத்தையின் கூடப்பிறந்த தம்பி வரவில்லை. ஏதோ பழைய மனத்தாங்கல். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வந்து வாசலில் நின்றார். அத்தை எழுந்து, "வாங்க. உக்காருங்க. காபி சாப்புடுறீங்களா?" என்றார். தூக்கி வளர்த்த தம்பி அவர். அன்றிலிருந்து எத்தனை முறை வந்தாலும் அதே உபசாரம்தான். ஒரு பொங்கலுக்கு அந்த மனிதர் குடித்துவிட்டு வந்து, "ஒரு வாட்டி திட்டிடுக்கா, செருப்பால கூட அடிச்சிடு" என்று தெருவில் நின்று அழுதார். அத்தை அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "உங்கள நான் எதுக்குங்க திட்டப்போறேன்?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு அத்தையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பாசக்காரிதான். ஆனால் கதவைச் சாத்தினால் அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், ஒரு பையன் அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் வந்து மாட்டிக்கொண்டான்.

குருவிநத்தத்து அணியோடு நாங்கள் ஆடிய ஒரு ஆட்டத்தில் ஆனந்து பந்தோடு உள்ளே போனான். அவர்களுடைய பேக், அதாவது தடுப்பாட்டக்காரன், தினேஷ் சறுக்கிக்கொண்டு வந்து காலை வைத்தான். அந்தச் சத்தம் மைதானத்தின் மறுகோடியில் நின்ற எனக்கே கேட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பிறகு நடந்தது ஆட்டமில்லை, அடிதடி. நாற்காலி பறந்தது, பைக் கண்ணாடிகள் உடைந்தன. ஆனந்து பல மாதம் கட்டிலில் கிடந்தான். பிறகு நடந்தான், கடலுக்கும் போனான், ஓட மட்டும் முடியவில்லை. தினேஷின் அம்மா அத்தையிடம் வருஷக்கணக்காக மீன் வாங்கியவர். அதன் பிறகு அந்தத் தெருவுக்கு மொபெட் போகவில்லை.

அடுத்த போட்டி வந்தபோது, நடத்துகிற பையன்கள் கூடிப் பேசி ஒரு விதி போட்டார்கள். ஒவ்வொரு ஊர் அணியும் வேற்றூர் ஆட்டக்காரன் ஒருவனைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேப்டன்கள் சீட்டு எடுத்து, வரிசைப்படி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்ம ஊர்ப் பையன் எதிர் அணியில் இருந்தால் எவனும் நாற்காலியைத் தூக்க மாட்டான் என்று கணக்கு. பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அது நடந்தது. எங்கள் கேப்டன் குமரனும் நானும் போனோம்.

முதல் சீட்டே எங்களுக்கு விழுந்தது. வில்லியனூர்ப் பக்கத்து ஃபார்வர்டு ஒருவன் இருந்தான். காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். ஆனந்து இடத்துக்கு அவன்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. குமரன் மைக்கைப் பிடித்து, "குருவிநத்தம் தினேஷ்" என்றான்.

தினேஷே எழுந்து, தன்னைத்தான் சொன்னானா என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்டான். நான் குமரன் தொடையைக் கிள்ளினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் பைக்கில் கன்னியக்கோயில் வருவதற்குள் வாட்ஸ்அப் குரூப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. 'பேர மாத்தி சொல்லிட்டியா மாமா?' என்று ஒருவன். 'நம்ம கால ஒடச்சவனுக்கு நம்ம ஜெர்சியா?' என்று இன்னொருவன். ஒருவன் குமரன் படத்தைச் சுற்றிப் பூ வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று போஸ்டரே தயார் செய்து போட்டுவிட்டான். ஒருவன் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறினான். பிறகு சண்டை எப்படிப் போகிறது என்று பார்க்க முடியவில்லையே என்று எனக்குத் தனியாக மெசேஜ் போட்டு மறுபடி சேர்ந்துகொண்டான்.

குமரன் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டான். "போன வாட்டி நாம கோல் போடாம தோக்கல. போட்டதுக்கு மேல வாங்கித் தோத்தோம். நமக்கு வேண்டியது பேக்கு. அவன் எதுர்ல நின்னப்ப உங்கள்ல எவனுக்குப் பயம் இல்ல, சொல்லுங்கடா பாப்போம்."

யாரும் சொல்லவில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலியையும் யாரும் எடுக்கவில்லை.

அத்தையிடம் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. எப்போதாவது வெளியூர் ஆளை ஆடக் கூப்பிட்டால், அவன் யாருடைய இடத்தில் ஆடுகிறானோ, ஆட்டத்தன்று மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான். தினேஷ் ஆடப்போவது பேக் என்றாலும், பதினோரு பேரில் காலியாக இருந்தது ஆனந்தின் இடம். காலை ஒடித்தவனுக்கு ஒடிந்தவன் வீட்டில் இலை போட வேண்டும். அத்தை அப்போது பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டன்" என்றார்.

குமரன் தலையைக் குனிந்துகொண்டு, "சாப்பாடு எங்க வூட்ல வச்சிக்கலாம் அத்த" என்றான்.

"ஏண்டா நாதாரி, ஊர் வழக்கத்த என் வாசல்ல வந்து மாத்துறியா? உனுக்குக் கேப்டன் குடுத்தா ஊரையே குடுத்துட்டாங்களா? போடா!"

எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது. திட்டிவிட்டார், அவ்வளவுதான் விஷயம் என்று திரும்பினோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவரு வரட்டும். நல்லபடியா சோறு போட்டு அனுப்புறன்."

அவரு. குமரனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தினேஷ் வந்தான். நல்ல உயரம், கரும்பு வெட்டி உரமேறிய தோள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவன் அம்மா கொடுத்தனுப்பியது. அத்தை அவனுக்கு மட்டும் தலைவாழை இலை போட்டார். அதில் உள்ளங்கை அகலத்துக்கு வஞ்சிரம் வறுவல். எங்களுக்குத் தட்டு, காரப்பொடிக் குழம்பு. காரப்பொடி சின்ன மீன், சதையைவிட முள் அதிகம். எங்கள் வீடுகளில் அன்றாடம் அதுதான். வஞ்சிரம் விற்பதற்கு.

"சாப்புடுங்க தம்பி. இன்னொரு துண்டு வைக்கட்டுங்களா?"

"போதும் ஆன்ட்டி."

"கூச்சப்படாதீங்க."

தினேஷ் கை கழுவ வெளியே வந்தபோது முகமெல்லாம் நிம்மதி. "நான் பயந்துகினே வந்தன். எவ்ளோ மரியாதையா கவனிக்கிறாங்கப்பா!" என்றான். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆனந்துதான் சிரித்தான்.

"அது கவனிப்பு இல்லடா. எங்கம்மா உன்ன சேத்துக்கல. சேத்துகினு இருந்தா இந்நேரம் உன் காது கிழிஞ்சிருக்கும்."

தினேஷ் முகம் செத்துவிட்டது.

"எனக்குக் கோவம் இல்ல. நான்தான் கடைசி நேரத்துல திரும்பினன். எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டன். அது காதுல வாங்கல" என்றான் ஆனந்து. காலை ஒடித்தவனை ஒடிந்தவன் தேற்றிக்கொண்டிருந்தான். எனக்கு என்னவோ போல் இருந்தது.

அன்றைய ஆட்டத்தில்தான் நாங்கள் கண்டது: தினேஷ் காலே வைக்கவில்லை. எதிரி பந்தோடு வந்தால் கூடவே ஓடினான், கையை விரித்தான், வழி மறித்தான், கால் வைக்க வேண்டிய அந்த ஒரு நொடியில் பின்வாங்கினான். எந்தக் காலுக்கு நாங்கள் பயந்து, அதற்காகவே அவனை எடுத்தோமோ, அந்தக் கால் தரையை விட்டு எழும்பவில்லை. நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் குமரனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். "இதுக்கா மொத சீட்டு? பஸ் ஸ்டாப் பலகைய நட்டு வச்சிருந்தாகூட எவனாவது முட்டிகினு நின்னுருப்பான்!" என்று ஒருவர் கத்தினார்.

எனக்குப் பின்னால் இருந்த குரல் எங்கள் பத்துப் பேரையும் வழக்கம்போலத் திட்டி வாங்கியது. தினேஷ் தவறு செய்யும்போது மட்டும் நின்றது. பந்து அவன் காலடியில் நழுவிப் போகும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தம்பிக்குக் காபி கொடுத்த அதே அமைதி. அது தினேஷுக்கும் கேட்டிருக்க வேண்டும். கோல் கிக் எடுக்கும்போது என்னிடம் வந்து, "கால் வைக்கப் போனா அன்னிக்கி எலும்பு முறிஞ்ச சத்தம் கேக்குதுண்ணா" என்றான். ஆட்டம் தோற்றோம்.

அடுத்த ஞாயிறும் அதே இலை, அதே வஞ்சிரம், அதே "சாப்புடுங்க தம்பி". தினேஷ் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். இந்த ஆட்டத்திலும் இப்படியே ஆடினால் தன்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்படி குமரனிடம் சொல்லிவிட்டதாகவும், இதோடு பூட்ஸைத் தொடப் போவதில்லை என்றும் வழியில் என்னிடம் சொன்னான். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவன்.

அந்த ஆட்டத்தில் நடந்ததை நான் முழுக்கப் பார்க்கவில்லை. எதிரணி ஃபார்வர்டு ஒருவன் பந்தோடு நேராக வந்தான். நடுவில் தினேஷ். காலை வைத்தால் பந்து அவனுக்குத்தான். அவன் விலகினான். விலகியதால் எனக்கும் அந்த ஃபார்வர்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. நான் பந்து மேல் விழுந்தேன், அவன் என் மேல் விழுந்தான். அவன் பூட்ஸ் என் விலாவில் ஏறியது. மூச்சு நின்று, மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தேன்.

அப்போது வந்தது அந்தக் குரல். வழக்கமாக வருகிற தூரத்திலிருந்து இல்லை, என் தலைக்கு மேலேயே. அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டிருந்தார்.

"டேய் குருவிநத்தம்! கட்டையில போறவனே! எம்புள்ள கால ஒடைக்க வந்தப்ப எங்கடா போச்சி இந்த வெக்கம்? நீ ஒதுங்குனா அடி எங்க போவுது பாரு! இவன் யாரு, இவனும் எம்புள்ளதான்! ஒருத்தன் கால வச்சி ஒடச்ச, இன்னொருத்தன கால வைக்காம ஒடைக்கப் போறியா? வூட்ல உக்காந்து வஞ்சிரமா துண்ற, எருமை? கால வைடா! நான் சொல்றன், வைடா!"

நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். அத்தை அவரைப் பார்த்து, "நீ ஊது பெரியவரே, நான் போறன்" என்று சொல்லிவிட்டு, என் முதுகில் ஒன்று போட்டு, "எந்திரிடா, சாவல நீ" என்றார். திரும்பி மொபெட்டுக்குப் போனார்.

நான் எழுந்து நின்று தினேஷைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தான். சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தபோது சிரித்துக்கொண்டும் இருந்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்த மைதானத்தில் அவ்வளவு கேவலமாகத் திட்டு வாங்கியவனும் அவன்தான், அவ்வளவு சந்தோஷப்பட்டவனும் அவன்தான்.

அதே ஃபார்வர்டு மறுபடி வந்தான். தினேஷ் சறுக்கிப் போய்க் காலை வைத்தான். பந்து மட்டும் எகிறி வெளியே போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினேஷ் எழுந்ததும் முதலில் அந்தப் பையனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அவன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பின்னால் அத்தை சும்மா இருக்கவில்லை. "அவனுக்கு அப்பறம் வைத்தியம் பாரு, பந்து வருது பாருடா!" என்றார். நிழலில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். கண்ணீர் அஞ்சலி போட்டவன்தான் முதலில் விசிலடித்தான். ஆட்டம் சமமாக முடிந்தது. கோப்பை அந்த ஆண்டும் எங்களுக்கு வரவில்லை, ஆசை காட்டாமல் சொல்லிவிடுகிறேன். குமரன் மட்டும் தான் எடுத்த சீட்டைப் பற்றி இன்றுவரை பீற்றிக்கொள்கிறான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எல்லோரும் அத்தை வீட்டில் உட்கார்ந்தோம். இலை இல்லை. தினேஷுக்கும் தட்டு, ஓரம் நசுங்கியது. அதில் சோற்றைக் கொட்டி, காரப்பொடிக் குழம்பை ஊற்றினார். தினேஷ் தட்டையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்த, வஞ்சிரம் இல்லியா?"

"வஞ்சிரம் விருந்தாளிக்குடா. நீ யாரு?"

ஆனந்து தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். தினேஷ் பிசைந்து வாயில் போட்டான். வயல்காட்டுப் பையனுக்குக் காரப்பொடி பழக்கமில்லை. இரண்டாவது கவளத்திலேயே முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண் பிதுங்க இருமினான். அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். வெறுஞ்சோற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"ஒரு மீனு துண்ணத் தெரில, இவன் எல்லாம் பேக்காம்! உங்கம்மா உனுக்கு இன்னாதான்டா போட்டு வளத்தா? புதன்கெழம வண்டி அங்க வருது, அவளையே கேக்குறன். மெல்லாத, அப்பிடியே முழுங்கு. வாயத் தொறடா!"

தினேஷ் வாயைத் திறந்தான்.